பிட்யூட்டரிக் கட்டி: டெல்டா நோயாளியின் கதி எங்கே தீர்மானமாகிறது?

பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று சொன்னவுடன் திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி “தலையைத் திறக்கணுமா டாக்டர்?” என்பது, அடுத்தது “கேன்சரா?” என்பது. பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். இந்தக் கட்டிகளில் உடலின் வேறு இடங்களுக்குப் பரவுபவை மிக அரிது. அறுவை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் மூக்கு வழியாகவே செய்கிறார்கள். ஆனால் பேச்சு இந்த இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுவதால், உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பது மறைந்துபோகிறது. கட்டியைச் சந்தேகிக்கத் தவறும் ஆண்டுகளிலும், அறுவைக்குப் பிறகு ஊர் திரும்பியவரின் ஹார்மோன் கவனிப்பு அறுந்துபோகும் மாதங்களிலும்தான் காவிரி டெல்டா நோயாளி அதிகம் இழக்கிறார் என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டும் நடப்பது மாவட்டத்துக்குள்ளே. திருத்த வேண்டியதும் அங்கேதான்.

அரை கிராம் அளவே எடையுள்ள இந்தச் சுரப்பி, மூளையின் அடியில் எலும்புக் குழியொன்றில் அமர்ந்திருக்கிறது. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை, விதைப்பை, உடல் வளர்ச்சி, தாய்ப்பால் எல்லாம் அதன் கட்டளைக்குள் வருகின்றன. மண்டையோட்டுக்குள் வரும் கட்டிகளில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு இங்கே தோன்றுகின்றன. பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் வீடுவீடாகக் கணக்கெடுத்தது போன்ற நுணுக்கத்துடன் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, தொல்லை தரும் பிட்யூட்டரிக் கட்டி ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவரிடம் இருப்பதாகக் காட்டியது. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்கள்தொகை 12.6 லட்சம். அந்த விகிதத்தை அப்படியே பொருத்தினால் இம்மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் வருவார்கள். நம் மக்களிடம் எண்ணிப் பார்த்த கணக்கல்ல இது. ஆனாலும் ‘நம்ம பக்கம் இதெல்லாம் வராது’ என்ற நினைப்பைக் கலைக்கப் போதும்.

அறுவைத் திறன் இல்லை என்ற குறை தமிழ்நாட்டுக்கு இல்லை. மூக்கு வழியாக இக்கட்டியை முதலில் எடுத்தவர் ஷ்லோஃபர், 1907இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில். நரம்பியல் அறுவைக்கு அடித்தளமிட்ட ஹார்வி குஷிங்கிடம் இளம் மருத்துவராகப் பயின்றவர் பென்ஃபீல்டு. அவரிடம் மாண்ட்ரியாலில் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். மூன்று தலைமுறை ஆகிவிட்டது. 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவைத் தாங்குகிறது. திருவாரூரிலேயே 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் தஞ்சை மருத்துவக் கல்லூரி. அறுவை மேசை வரை போய்ச் சேர்ந்தவருக்கு வழி இருக்கிறது.

போய்ச் சேராதவரைப் பற்றிப் பேசுவோம். அவர் மருத்துவரையே பார்க்காதவர் அல்லர், பலமுறை பார்த்தவர்.

கண்ணில் தொடங்கலாம். சுரப்பி மேல்நோக்கி வீங்கும்போது, இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்லும் இடத்தை அழுத்துகிறது. இரு கண்ணிலும் வெளிப்பக்கத்துப் பார்வை மட்டும் மெல்லப் போகிறது. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை அவர் கடைசி வரி வரை படித்துவிடுவார். ஆனால் நடவு வரிசையில் பக்கத்தில் குனிந்திருப்பவர் தெரிய மாட்டார். நிலைப்படியில் தோள் இடிக்கும். வண்டி ஓட்டும்போது ஓரத்தில் வரும் ஆடு கடைசி நொடியில்தான் கண்ணில் படும். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் ‘புரை’ என்று முடிவாகி, முகாமில் லென்ஸும் வைத்தாகிவிடும், பார்வை தெளியாது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். எதிரெதிரே ஒரு கை தூரத்தில் உட்கார வேண்டும். நோயாளி ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நம் மூக்கையே பார்க்கட்டும். நாம் விரலை வெளிப்பக்கத்திலிருந்து ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவர வேண்டும். விரல் நடுக்கோட்டை நெருங்கிய பிறகுதான் “இப்பத் தெரியுது” என்று இரண்டு கண்ணிலும் சொன்னால் அன்றே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை. நரம்பு முற்றிலும் வாடுவதற்குள் அழுத்தம் நீங்கினால் பார்வை பெரும்பாலும் தேறுகிறது. வாடிய பிறகு எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்தது சர்க்கரை நோய்ப் பதிவேடு. வளர்ச்சி ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் கட்டி உள்ளவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். குறட்டையும் வியர்வையும் கூடும். மோதிரம் கழற்ற வராது. செருப்பின் அளவு இரண்டு எண் ஏறியிருக்கும். தினமும் பார்க்கும் வீட்டாருக்கு முகம் மாறியது தெரியாது. அதனால் கண்டுபிடிக்க ஐந்து முதல் பத்தாண்டுகூட ஆகிவிடுகிறது. வாக்காளர் அட்டையில் இருக்கும் பழைய படத்தையும் எதிரே இருக்கும் முகத்தையும் ஒப்பிட்டாலே தாடையும் மூக்கும் பேசும். அதன் பிறகு ஐ.ஜி.எஃப்-1 என்ற ஓர் இரத்தப் பரிசோதனை வழி காட்டிவிடும்.

பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டிதான் எல்லாவற்றிலும் மிகுதி. மகிழ்ச்சியான செய்தியும் அதில்தான். மாதவிலக்கு நின்று, குழந்தை இல்லை என்று கோவில் கோவிலாகச் சுற்றும் பெண்ணுக்கு, வாரம் இருமுறை எடுக்கும் கேபர்கோலின் மாத்திரையே பெரும்பாலும் போதும்; கட்டி சுருங்கும், மாதவிலக்கு திரும்பும், கத்தி வேண்டியதில்லை. ஆனால் இங்கே எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. வயிற்று உப்புசத்துக்கு நம் ஊரில் தாராளமாகத் தரப்படும் மாத்திரைகளில் டோம்பெரிடோன் கலந்திருக்கும். அது புரோலாக்டினை ஏற்றும். லெவோசல்பிரைடும், மனநோய்க்கான சில மருந்துகளும், கவனிக்காமல் விட்ட தைராய்டு குறைவும் அப்படியே. ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று கேட்காமல் எம்.ஆர்.ஐ. எழுதினால், கடன் வாங்கி ஸ்கேன் எடுத்த குடும்பத்துக்குக் கிடைப்பது கலக்கம் மட்டுமே. பிரேதப் பரிசோதனைகளிலேயே பத்தில் ஒருவரிடம் தீங்கற்ற சிறு கட்டி காணப்படுவதால், ஸ்கேனில் ஏதேனும் ஒரு புள்ளி தெரிந்துவிடவும் கூடும். இதனால்தான் எல்லோருக்கும் சோதனை என்று நான் கேட்கவில்லை. குறி பார்த்துக் கேட்கும் சந்தேகம் வேண்டும் என்கிறேன்.

சுரப்பி குன்றிப்போகும் நிலை இன்னும் நுட்பமானது. வயல் மண்ணில் இதற்குக் கட்டி அல்லாத காரணங்களும் உண்டு. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவருக்குப் பிட்யூட்டரி கருகிப்போகலாம் என்பது பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு கண்ட தாய்க்கும் அதே கதி நேரலாம். வீட்டில் பிள்ளை பெற்ற தலைமுறையில் அவ்வாறு பால் சுரக்காமல், மாதவிலக்கு திரும்பாமல், ஆண்டுக்கணக்கில் சோர்ந்து கிடந்தவர்கள் இன்றும் புறநோயாளி வரிசையில் இருக்கிறார்கள். எந்தக் காரணமானாலும் தவறும் இடம் ஒன்றுதான்: சோர்வுக்கு, பிட்யூட்டரி தைராய்டைத் தூண்ட அனுப்பும் டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பது. பிட்யூட்டரியே பழுதானால் டி.எஸ்.எச். இயல்பாகவே இருக்கக்கூடும், தைராய்டு சுரக்கும் டி-4 தான் தாழ்ந்திருக்கும். அப்படிக் கண்டுபிடித்துத் தைராக்சினை மட்டும் தொடங்கினாலோ, அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் இல்லாத உடல் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். கார்டிசால் குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் தைராக்சின்; இந்த வரிசை மாறக்கூடாது.

இனி அறுவைக்குப் பின். ஐந்தாறு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரத்தத்தில் உப்புச்சத்து (சோடியம்) சரியும் ஆபத்து உச்சத்தில் இருப்பதோ, அறுவையிலிருந்து ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். அப்போது நோயாளி, அறுவை நடந்த இடத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நன்னிலத்திலோ முத்துப்பேட்டையிலோ இருக்கிறார். குமட்டல், மயக்கம், பிதற்றல் வரும். அறுவைக் களைப்பு என்று படுக்க வைப்பார்கள். மன்னார்குடி போன்ற ஊரின் அரசு மருத்துவமனையில் ஏழாம் நாள் ஒரு சோடியம் பரிசோதனை செய்து, முடிவைத் தொலைபேசியில் அறுவை மருத்துவருக்குச் சொல்ல ஏற்பாடு இருந்தால் இது தடுக்கக்கூடியது. வெளியேற்றச் சீட்டில் அந்தத் தேதியைத் தமிழில் எழுதித் தருவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

கார்டிசால் குன்றியவர் ஆயுள் முழுக்க ஹைட்ரோகார்டிசோனோ பிரெட்னிசோலோனோ என ஒரு ஸ்டீராய்டு எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் ஊசி. இதற்கான நூறு மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் குப்பி, இழுப்புக்கும் ஒவ்வாமைக்குமென்று மருத்துவமனைகளில் வழக்கமாக வைத்திருப்பதுதான். யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லும் அட்டைதான் நோயாளியின் சட்டைப் பையில் இல்லை. ‘ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும்’ என்று ஊரார் சொல்லக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்த அச்சம் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். மூட்டுவலிக்குச் சீட்டில்லாமல் விற்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி, தோல் மெலிந்து வருகிறவர்களை இங்குள்ள மருத்துவர்கள் அறிவார்கள். பிட்யூட்டரிக் கட்டியால் கார்டிசால் மிகையாகி வரும் குஷிங் நோய் கண்டவர்களைவிட அவர்கள் எண்ணிக்கை மிக அதிகம். ஆனால் மிகையாக எடுப்பவருக்குச் சொல்லும் எச்சரிக்கை, இல்லாததை ஈடுசெய்பவரிடம் போய்ச் சேர்ந்தால் அது கொல்லும்.

அரிய நோய்க்காக ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலையில் இன்னும் ஒரு சுமையா என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் நான் கேட்பது புதிய பிரிவோ புதிய கருவியோ அல்ல. கண் முகாமில் விரல் சோதனை, சர்க்கரைப் பதிவேட்டில் மோதிரமும் செருப்பும் பற்றிய கேள்வி, டி.எஸ்.எச்.சோடு டி-4, இவ்வளவே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதே பையில் பிரெட்னிசோலோனுக்கும் தைராக்சினுக்கும் இடம் உண்டு. காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கானது. மாதா மாதம் வாங்கும் கேபர்கோலினுக்கு அது உதவுவதில்லை. மாவட்ட மருந்துக் கிடங்கில் கேபர்கோலினைச் சேர்ப்பதுதான் இந்தப் பட்டியலில் செலவு பிடிக்கும் ஒரே கோரிக்கை. கண்காணிப்பும் அறுவையோடு முடிவதில்லை. ஹார்மோன் சுரக்காத பெரிய கட்டியை மிச்சம் வைத்து எடுத்தால், ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்தாண்டுக்குள் அது மீண்டும் வளரக்கூடும். கதிர்வீச்சு பெற்றவருக்கு ஆண்டுகள் கழித்தும் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகக் குன்றக்கூடும். எனவே அறுவைக்குப் பின் முதல் ஸ்கேன் மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். அந்தத் தேதிகளைப் பதிந்து, வராதவரைக் கூப்பிட்டுக் கேட்கும் பொறுப்பு திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் பெயர் குறித்த ஒருவரிடம் இருக்க வேண்டும்.