வீட்டுப் பட்டறை மின்ரம்பங்களும் பாதுகாப்பும்: காவிரிப் படுகை

வீட்டிலோ, வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ, 230 வோல்ட் சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் மரம் அறுக்கப் பயன்படும் சிறு இயந்திரங்களே வீட்டுப் பட்டறை மின்ரம்பங்கள். கையில் பிடிக்கும் வட்ட ரம்பம், ஜிக்சா, மின்சங்கிலி ரம்பம், மேசையில் பொருத்திய வட்ட ரம்பம், சிறிய பட்டை ரம்பம் ஆகியவை இதில் அடங்கும். கல் அறுப்பதற்கென வந்த மார்பிள் கட்டரும் தமிழ்நாட்டில் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. சேர்ந்திருக்கக் கூடாது என்பதைக் கீழே காணலாம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மரவேலையின் பெரும்பகுதி தொழிற்சாலைக்குள் நடப்பதில்லை. கதவு, நிலை, கட்டில் செய்யும் தச்சர்கள் திண்ணையிலும் கொல்லையிலும் தென்னங்கீற்றுக் கொட்டகையிலும் வேலை பார்க்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் பலாமரத்தில், குடும்பப் பட்டறைகளில் உருவாகிறது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையின் நாகஸ்வரத்துக்கு 2022இல் குறியீடு கிடைத்தது. அங்கும் வீடும் பட்டறையும் ஒன்றுதான். தஞ்சாவூர் ஓவியம் தீட்டுவோருக்குப் பலகையும் சட்டமும் அளவாக வெட்ட வேண்டியிருக்கிறது. நுண்வேலை எல்லா இடத்திலும் உளியிடமே இருக்கிறது. முரட்டு வெட்டை மட்டும் மின்ரம்பம் எடுத்துக்கொண்டது.

கையடக்க மின்ரம்பத்தின் பிறப்பில் கரும்புக்குப் பங்குண்டு. 1920களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷெல் என்பவர், கரும்பு வெட்டும் கத்தியில் மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். அந்த முயற்சி மரம் அறுக்கும் வட்ட ரம்பமாக முடிந்தது. 1926இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். ஜிக்சா 1940களில் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. தையல் இயந்திரத்தின் ஊசி இருந்த இடத்தில் ரம்பத்தகட்டை மாட்டியதுதான் அதன் தொடக்கம்.

மார்பிள் கட்டர்

இப்பகுதித் தச்சர் கையில் அதிகம் காணப்படும் ‘ரம்பம்’ இதுதான். விலை குறைவு, எடை குறைவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 110 மில்லிமீட்டர் (4 அங்குல) கல்வட்டைக் கழற்றிவிட்டு, கார்பைடு பல் வைத்த மரபிளேடை மாட்டினால் பலகை வெண்ணெயாக அறுபடுகிறது.

வேகத்தைக் கணக்கிட்டால் ஆபத்து விளங்கும். மரத்துக்கென்றே செய்த 185 மில்லிமீட்டர் வட்ட ரம்பம் நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று சுற்றும். அதன் பல்முனை மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மார்பிள் கட்டர் 12,000 சுற்று வரை போகும். அதன் பல்முனை வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை நெருங்குகிறது. வட்ட ரம்பத்தின் அடியில் தானாக மூடிக்கொள்ளும் கார்டு ஒன்று உண்டு. பலகையை விட்டு ரம்பம் வெளியே வந்தவுடன் வில்விசையால் அது பற்களை மறைத்துவிடும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. கல்வட்டுக்குப் பல் இல்லை என்பதால் அதைச் செய்தவர்கள் அப்படியொரு மூடியைப் பற்றி நினைக்கவேயில்லை. எனவே அறுத்து முடித்து இயந்திரத்தைத் தொடையோரம் தாழ்த்தும்போது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு திறந்தே கிடக்கிறது. சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு நிற்கச் சில நொடிகள் ஆகும்.

இருக்கிற மேல்கார்டையும் கழற்றிவிட்டு 5 அங்குல பிளேடு மாட்டும் வழக்கமும் உண்டு. இதைவிட மோசம், ஆங்கிள் கிரைண்டரில் மரபிளேடு மாட்டுவது. எந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தாலும் இந்த இரண்டும் பாதுகாப்பான வேலையாக மாறாது. மார்பிள் கட்டரையே பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், கார்டு கழற்றப்படாமல் இருக்க வேண்டும். பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச சுற்றுவேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையக் கூடாது. பலகையைக் காலால் மிதித்துப் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்க வேண்டும். கூலிவேலை தொடர்ந்து கிடைக்கும் தச்சர், சேமிப்பில் முதலில் வாங்க வேண்டியது சரியான வட்ட ரம்பம் ஒன்றைத்தான்.

பின்னடி

மின்ரம்பக் காயங்களில் கொடியவை பல, கை தவறிப் பிளேடின்மேல் போனதால் வருபவை அல்ல. மரமோ இயந்திரமோ திடீரெனப் பின்னால் அடித்து, அந்த அதிர்வில் கை பிளேடுக்குப் போய்விடுகிறது. பட்டறையில் ‘தூக்கி அடிச்சிருச்சு’ என்பார்கள்.

காரணம் எளிது. வெட்டிய இடைவெளி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வுகிறது. கையில் பிடிக்கும் மின்ரம்பம் என்றால் பிளேடு நின்றுபோகாமல் வெட்டை விட்டு மேலே ஏறி, பிடித்திருப்பவரை நோக்கிப் பாய்கிறது. மேசை ரம்பம் என்றால் பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. அவை மரத்தைத் தூக்கி முன்னால் நிற்பவர் வயிற்றில் எறிகின்றன. பலகையின் இரு ஓரத்தையும் இரண்டு முக்காலிகளில் வைத்து நடுவில் அறுத்தால், பாரத்தில் நடு தொய்ந்து வெட்டு மூடிக்கொள்ளும். அறுபடும் துண்டு தடையில்லாமல் விழும்படி, வெட்டுக்கு ஒரே பக்கத்தில் தாங்கல் இருப்பதே முறை. ஈரமரமும் உள்முறுக்கு உள்ள மரமும் தாமாகவே மூடும். வெட்டின் பின்னால் ஒரு மெல்லிய ஆப்பைச் செருகிக்கொண்டே போவது பழைய ஆசாரிகள் கைவாளுக்குச் செய்த உபாயம். மின்ரம்பத்துக்கும் அது பொருந்தும், ரம்பத்தை நிறுத்திவிட்டுச் செருக வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

மேசை ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் செங்குத்துத் தகடு இந்த ஆப்பு வேலையைத்தான் செய்கிறது. ஊர்ப்பட்டறைகளில் வட்ட ரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட் மேசையின் அடியில் முடுக்கி, மேசை ரம்பமாக்கிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யும்போது கார்டைத் திறந்து கட்டிவிடுகிறார்கள், பின்தகடும் இருப்பதில்லை. அந்த மேசைக்கு அசையாத கைடும், பின்தகடும், விரலுக்குப் பதில் மரத்தைத் தள்ளும் தள்ளுகட்டையும் இல்லாவிட்டால் அதில் சட்டம் கிழிக்கக் கூடாது. நிற்பது பிளேடின் நேர்கோட்டில் அல்ல, ஒரு பக்கமாக. பிளேடு மரத்துக்கு அப்பால் ஒரு பல்லின் உயரத்துக்கு மேல் நீட்டியிருக்கவும் வேண்டாம்.

தோல் பட்டவுடன் சில மில்லிநொடிகளில் பிளேடை நிறுத்தும் மேசை ரம்பத்தை அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் 1999இல் வடிவமைத்தார். 2004 முதல் அது விற்பனையில் இருக்கிறது. விலை, படுகைத் தச்சர் ஒருவரின் மொத்தக் கருவிகளின் விலையையும் தாண்டும்.

பட்டை ரம்பம் பின்னால் அடிப்பதில்லை, மரத்தை மேசையோடு கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆனால் உருண்டை மரத்தைத் தாங்கல் இல்லாமல் கொடுத்தால் பிளேடு அதைச் சட்டென உருட்டி, பிடித்த கையையும் சேர்த்து இழுக்கும். வீணைக் குடத்துக்கான பலா முண்டைச் சாமில்லில் இரு முகமாவது தட்டையாக அறுத்து வாங்கி வருவதே நல்லது. ஜிக்சா இருப்பதிலேயே சாது. பலகைக்கு அடியில் விரல் வைத்துப் பிடித்தால் மட்டும் அது சாதுவல்ல.

மரம்

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம் தேவை, அதுவும் நன்றாக ஆறிய பழைய மரம். இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரமும் தூணும் இதற்காகத் தேடி வாங்கப்படுகின்றன. அக்கிரகார வீடுகளின் தேக்குக்கும் இதே கிராக்கி. இவற்றுக்குள் தலை முறிந்த ஆணிகள் புதைந்திருக்கும். ஆணியில் மோதும் கார்பைடு பல் தெறித்தால் அது கண்ணுக்குத்தான் போகும். ரம்பம் வைக்கும் முன் மரத்தின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்க்கவும், துருக்கறை தெரியும் இடத்தை உளியால் கிளறிப் பார்க்கவும் ஐந்து நிமிடம் போதும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லா வேலைக்கும் கட்டாயம்தான். பழைய மரத்துக்கு அது இல்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது.

தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் பற்கள் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடு அறுக்காமல் உரசும், புகையும். ஆள் அழுத்தித் தள்ளுவார், அப்போதுதான் வழுக்கும். தென்னை வேறு வகை. வெளிச்சுற்று இரும்புபோல் இறுகி, உள்ளே நார்ப்பஞ்சாக இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் பக்கங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது, சங்கிலி ரம்பம் பிடித்துப் பழகாதவர்களும் அதைக் கையில் எடுக்க நேர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த மரத்தில் எது எந்தப் பக்கம் இழுவிசையில் இருக்கிறது என்று பார்க்காமல் வைக்கும் வெட்டு, மரத்தையே ஆள்மேல் துள்ள வைக்கும். சங்கிலி ரம்பத்தின் மூக்கு நுனியால் எதையும் தொடக் கூடாது என்பது அக்கருவியின் முதல் பாடம். தொட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எழும்.

மின்சாரம், மழை, கொட்டகை

பிளக் உடைந்துபோனால் ஒயர் முனைகளைச் சாக்கெட்டில் நேரே செருகித் தீக்குச்சியால் இறுக்குவது இன்னும் ஒழியாத பழக்கம். ரம்பத்துக்கு அது எமன். 1,400 வாட் ரம்பம் ஓடும்போது 6 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு. எனவே 16 ஆம்பியர் சாக்கெட்டும், சுருளை முழுக்க அவிழ்த்துவிட்ட தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயரும் வேண்டும். மெல்லிய நீள ஒயரில் மின்னழுத்தம் இறங்கும். பிளேடு திணறும், மோட்டாரின் சுருள் சூடாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைத் தரை ஈரமாகவே கிடக்கும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத பட்டறையில் அந்த மாதங்களில் ரம்பம் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. வீட்டின் பழைய ஃபியூஸ் அந்த வேலையைச் செய்யாது, அது ஒயரைக் காக்குமே தவிர ஆளைக் காக்காது. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இயந்திரங்கள் இரட்டைக் காப்பு உடையவை. அவற்றுக்கு எர்த் கம்பி தேவையில்லை. ஆனால் நனைந்தால் அந்தக் காப்பை நம்ப முடியாது.

மின்தடையைத் தனியே சொல்ல வேண்டும். மார்பிள் கட்டரிலும் கிரைண்டரிலும் சுவிட்சை அழுத்தியபடியே பூட்டும் பொத்தான் இருக்கும். பூட்டி ஓடும்போது கரண்ட் போனால் இயந்திரத்தை அப்படியே பலகைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். கரண்ட் திரும்பியதும் அது தானாகக் கிளம்பும். கரண்ட் போன உடனே பிளக்கைப் பிடுங்குவது, பிளேடு மாற்றும்போது பிடுங்குவதைப் போலவே பழக்கமாக வேண்டும்.

கீற்றுக்கூரையின்கீழ் மரத்தூள் குவிந்துகிடக்க, கிரைண்டர் பொறியோ பீடித்துண்டோ விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தூளைத் தினமும் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். அந்தத் தூள் மூச்சுக்கும் கெடுதி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995 முதல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்குப் பகுதிப் புற்றுநோயே அதில் முக்கியம். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். காதுக்கும் அடைப்பான் தேவை.

உடையில், லுங்கிதான் பிரச்சினை. மடித்துக் கட்டிய லுங்கி குனியும்போது அவிழ்ந்து தொங்கும். பேன்ட் அல்லது தார்ப்பாய்ச்சிய வேட்டி சரி. மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, காப்பு, மோதிரம், கழுத்துத் துண்டு எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். சுழலும் பிளேடுக்குப் பக்கத்தில் கையுறையும் ஆகாது, நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். காலுக்குச் செருப்பு போதாது, மூடிய காலணி வேண்டும். வீட்டுப் பட்டறையில் குழந்தைகள் ஓடிவருவார்கள். வேலை முடிந்தால் இயந்திரம் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும்.

சட்டமும் சிகிச்சையும்

மரவேலை இயந்திரங்களுக்குக் காப்பு மூடி கட்டாயம் என்பது தொழிற்சாலைகளுக்கான விதி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்துடன் 10 பேர் வேலை செய்யும் இடங்களையே தொழிற்சாலை என்றது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக உயர்த்தியது. மகனும் ஒரு கையாளும் உதவ நடக்கும் பட்டறையை எந்த ஆய்வாளரும் வந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் பட்டறைக்காரரேதான். 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வட்ட ரம்பமோ பட்டை ரம்பமோ வைத்து உருண்டை மரம் அறுக்கத் தொடங்கினால், அது மரத்தொழிலகமாகி வனத்துறை உரிமத்துக்குள் வந்துவிடும்.

விரல் அறுபட்டால் காயத்தில் காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்து 108ஐ அழைக்க வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். விரலை ஐஸ்மேல் நேரடியாக வைத்தால் திசு செத்துவிடும். குளிரில் வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும் என்பதால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அவகாசத்துக்குள் போய்ச் சேர முடியும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறை இந்தியாவில் இத்துறைக்கே முன்னோடி.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தச்சர்களும் பதிந்துகொள்ளலாம். விபத்தில் உறுப்பு இழந்தால் வாரியம் தரும் உதவித்தொகை, பதிவைக் காலத்தில் புதுப்பித்து வைத்திருப்பவருக்கே கிடைக்கும்.