சிராய்ப்புத் தேய்மானம்

சிராய்ப்புத் தேய்மானம் என்பது, கடினமான துகள்களோ முனைப்புகளோ ஒரு திண்மப் பொருளின் மேல் அழுந்தியவாறு நகரும்போது அதன் மேற்பரப்பு சிறிது சிறிதாக அகற்றப்படுவதாகும். உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பது நாம் விரும்பிச் செய்யும் சிராய்ப்பு ஆகும். மண்ணை உழும் கொழு மழுங்குவது இழப்பை உண்டாக்கும் சிராய்ப்பு ஆகும். உராய்வு, தேய்மானம், மசகிடல் ஆகியவற்றை ஆராயும் துறை உராய்வியல் எனப்படுகிறது.

வகைகள்

துகள்கள் ஒரு பரப்பில் பதிந்திருந்து மற்றப் பரப்பைக் கீறுவது இருபொருள் சிராய்ப்பு எனப்படும். இரு பரப்புகளுக்கு இடையே துகள்கள் கட்டற்று அசைவது முப்பொருள் சிராய்ப்பு ஆகும். பின்னதில் துகள்கள் பெரும்பாலும் உருண்டுவிடுவதால் தேய்மானம் பொதுவாகக் குறைவாக இருக்கும்.

நிகழும் விதம்

கூரிய துகள் உலோகத்தைச் சீவி எடுக்கலாம். மழுங்கிய துகள் உலோகத்தை வெட்டாமல், உழவுச்சால் போல இருபுறமும் ஒதுக்கலாம். ஒதுங்கிய பகுதி மீண்டும் மீண்டும் நசுக்கப்பட்டுப் பின்னர் உதிரும். கண்ணாடி, பீங்கான் போன்ற நொறுங்கும் பொருள்களில் நுண்விரிசல்கள் தோன்றிச் சில்லுகள் பெயரும்.

கடினத்தன்மையின் பங்கு

1953 இல் ஆர்ச்சர்டு வெளியிட்ட சமன்பாட்டின்படி, தேய்ந்த கன அளவு சுமைக்கும் வழுக்கிய தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், தேயும் பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் அமையும். ஒட்டுதலால் ஏற்படும் தேய்மானத்துக்காக உருவான இதே வடிவம் சிராய்ப்புக்கும் பயன்படுத்தப்படுகிறது.

எனினும் கடினத்தன்மை மட்டுமே போதுமானது அன்று. சோவியத் ஆய்வாளர் குருசோவ் செய்த சோதனைகளில், தூய உலோகங்களின் தேய்வெதிர்ப்பு அவற்றின் கடினத்தன்மைக்கு நேர்விகிதத்தில் உயர்ந்தது. ஆனால் வெப்பப் பதப்படுத்திக் கடினமாக்கிய எஃகுகளில் அந்த உயர்வு குறைவாகவே இருந்தது. குளிர்நிலையில் அடித்துக் கடினமாக்கிய உலோகங்களிலோ குறிப்பிடத்தக்க பயன் ஏதும் காணப்படவில்லை. கீறப்படும்போதே மேற்பரப்பு கடுமையாக உருத்திரிந்து கடினமாகிவிடுவதே இதற்குக் காரணம்.

துகளின் கடினத்தன்மையும் முக்கியமானது. துகள், பரப்பைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு கடினமாக இருந்தால் மட்டுமே அதைத் தெளிவாகக் கீறும். மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்சு, மோவின் அளவுகோலில் 7 ஆம் இடத்தில் உள்ளது. பெரும்பாலான எஃகுகளைவிட இது கடினமானது. டங்ஸ்டன் கார்பைடு குவார்ட்சை விடவும் கடினமானது.

பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஆட்ஃபீல்டு 1882 இல் உருவாக்கிய, ஏறத்தாழ 12% மாங்கனீசு கொண்ட எஃகு, பலத்த மோதலின்போது மேற்பரப்பில் கடினமாகும். ஆகவே கல் உடைக்கும் பொறிகளின் தாடைகளுக்கு இது ஏற்றது. மோதலின்றி மணல் மட்டும் வழுக்கிச் செல்லும் இடத்தில் இது போதிய அளவு கடினமாவதில்லை. அங்கு உயர்குரோமிய வெள்ளை வார்ப்பிரும்பு போன்றவை சிறந்தவை. ஆனால் அவை பலத்த அடியில் உடையக்கூடும்.

சோதனை முறை

ஏ.எஸ்.டி.எம். ஜி65 என்னும் செந்தரச் சோதனையில், சுழலும் இரப்பர் விளிம்புச் சக்கரத்துக்கும் மாதிரிக்கும் இடையே உலர்ந்த குவார்ட்சு மணல் சொரியப்படும். மாதிரி இழந்த நிறையை அடர்த்தியால் வகுத்துக் கன அளவு இழப்பு பெறப்படும். இவ்வெண் பொருள்களைத் தரவரிசைப்படுத்த உதவுமேயன்றி, ஓர் உறுப்பு எத்தனை நாள் உழைக்கும் என்று கூறாது. களத்தின் ஈரம், மோதல், துகளின் வடிவம் ஆகியன மாறினால் வரிசையும் மாறக்கூடும்.

முக்கியத்துவம்

உலகின் மொத்த ஆற்றல் நுகர்வில் ஏறத்தாழ 20% உராய்வை மேற்கொள்ளவும், 3% தேய்ந்த உறுப்புகளை மீண்டும் உருவாக்கவும் செலவாகிறது என்று ஓல்ம்பெர்க்கு, எர்தெமிர் ஆகியோர் 2017 இல் மதிப்பிட்டனர். சுரங்கத் தொழில், வேளாண்மை, சிமெந்து உற்பத்தி ஆகியவற்றில் சிராய்ப்பே தேய்மானத்தின் முதன்மையான வடிவமாகும்.