வலை அறுந்த ஐந்து நாட்கள்

2011ஆம் ஆண்டு ஜனவரி 28. கெய்ரோ நகரில் நள்ளிரவு கழிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. எகிப்து நாட்டின் இணையத் தொடர்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மறையத் தொடங்கின. சிறிது நேரத்துக்குள், ஏறத்தாழ 8 கோடி மக்கள் வாழும் ஒரு நாடு உலக இணையத்திலிருந்து அநேகமாக முழுவதுமே காணாமற் போயிற்று. புயல் இல்லை, நிலநடுக்கம் இல்லை, கடலடிக் கம்பி எதுவும் அறுபடவும் இல்லை. அரசு ஆணையிட்டது, நிறுவனங்கள் பணிந்தன. பொழுது விடிந்ததும் நடக்கவிருந்த பெருங்கிளர்ச்சியைத் தடுப்பதே அதன் நோக்கம்.

இதை எப்படிச் செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நாட்டிலுள்ள கம்பிகளையெல்லாம் வெட்ட வேண்டிய தேவை இல்லை. இணையம் என்பது ஒரே வலை அன்று; பல்லாயிரம் தனித்தனி வலைகளின் கூட்டு. ஒவ்வொரு வலையும் தன்னிடமுள்ள முகவரிகள் இவை இவை என்று அண்டை வலைகளுக்கு அறிவித்து வைத்திருக்கிறது. அந்த அறிவிப்பைக் கொண்டே செய்திகள் வழி தேடிச் செல்கின்றன. தபால் பிரிக்கும் இடத்தில் ஓர் ஊரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் என்ன ஆகும்? சாலை அப்படியே இருக்கும், தபால்காரரும் இருப்பார். ஆனால் அந்த ஊருக்குக் கடிதம் போய்ச் சேராது. அன்றிரவு இவ்வாறு ஏறத்தாழ 3,500 வழியறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. எல்லாம் ஒரே நொடியில் நடந்துவிடவில்லை. ஒரு நிறுவனம் மறைந்து சில நிமிடங்கள் கழித்தே அடுத்தது மறைந்தது. யாரோ ஒருவர் ஒவ்வொரு நிறுவனமாகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று, இணையப் போக்குவரத்தைக் கவனித்துவந்த ரெனிசிஸ் நிறுவனத்தார் கருதினர். நூர் என்ற நிறுவனம் மட்டும் 31ஆம் தேதிவரை தப்பியிருந்தது. எகிப்தியப் பங்குச் சந்தை அதன் வாடிக்கையாளர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்னையையும் மும்பையையும் ஐரோப்பாவுடன் இணைக்கும் கடலடிக் கம்பி ஒன்று சூயஸில் கரையேறி, எகிப்தின் நிலத்தைக் கடந்து, அலெக்சாண்டிரியாவில் மறுபடியும் கடலில் இறங்குகிறது. அந்தப் போக்குவரத்து தடைபடவில்லை. எகிப்தியர் தம் நாட்டில் கண்ணைக் கட்டி விட்டாற்போல் இருந்த நாட்களில், நம் நாட்டுச் செய்திகள் அவர்கள் காலடியிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

ஓர் அரசு இவ்வளவு தூரம் அஞ்சியது ஏன்? அதற்குச் சற்றுப் பின்னே போக வேண்டும். 1953இல் கெய்ரோவிலிருந்து 'அரபுகளின் குரல்' வானொலி ஒலிபரப்பத் தொடங்கியது. மொராக்கோவிலிருந்து ஈராக்வரை அதைக் கேட்டார்கள். ஆனால் பேசியது அரசு, மற்றவர்கள் கேட்பவர்கள்தாம். 1970களில் ஒலிநாடா வந்தது. அப்துல் ஹமீது கிஷ்க் என்ற பார்வையற்ற சமயப் பேச்சாளரின் உரைகள் நாடாக்களில் படியெடுக்கப்பட்டு, தேநீர்க் கடைகளிலும் வாடகைக் கார்களிலும் ஒலித்தன. 1996இல் கத்தார் நாட்டில் அல் ஜசீரா தொலைக்காட்சி பிறந்தது. அரபு வீடுகளில் முதன்முறையாக அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் எதிர்த்து வாதிடுவதை மக்கள் கண்டார்கள். இத்தனைக்குப் பிறகுதான் கைப்பேசியும் இணையமும் வருகின்றன.

கைப்பேசிக் காமிராவின் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டில் காவல் நிலையம் ஒன்றில் மினிபஸ் ஓட்டுநர் ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டார். அதைப் படம் பிடித்தவர்கள் காவலர்களே. அவரை அவருடைய தொழிலாளத் தோழர்கள் நடுவே அவமானப்படுத்துவதற்காக எடுத்த படம் அது. வலைப்பதிவர்கள் அதனை வெளியிட்டார்கள். படம் அவமானப்படுத்தியது யாரை என்பது 2007 நவம்பரில் தெரிந்தது: காவலர் இருவருக்கு மூன்றாண்டுச் சிறை.

2008 ஏப்ரல் 6இல் மஹல்லா நகரத்து நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யத் திட்டமிட்டபோது, அவர்களுக்கு ஆதரவாக பேஸ்புக்கில் தொடங்கிய குழுவில் ஏறத்தாழ 70,000 பேர் சேர்ந்தனர். நாடு பரபரப்படைந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் மறுபடியும் அழைப்பு விடுத்தார்கள். பெரும்பாலும் யாரும் வரவில்லை. முதல் தடவை ஆலைத் தொழிலாளரின் ஆண்டுக்கணக்கான போராட்டம் பின்னால் நின்றது. இரண்டாவது தடவை இருந்தது அழைப்பு மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பலர் மறந்துவிட்டு, 2011இன் நிகழ்ச்சிகளுக்கு 'பேஸ்புக் புரட்சி' என்று பெயர் சூட்டினார்கள். எனக்கு அந்தப் பெயர் ஒருபோதும் பொருத்தமாகத் தோன்றியதில்லை.

2010 ஜூனில் அலெக்சாண்டிரியாவில் காலித் சயீத் என்ற 28 வயது இளைஞரைக் காவலர்கள் அடித்தே கொன்றனர். சிதைந்த அவர் முகத்தின் படம் இணையத்தில் பரவியது. 'நாம் அனைவரும் காலித் சயீத்' என்ற பேஸ்புக் பக்கத்தைத் தன் பெயர் தெரியாமல் தொடங்கியவர், துபாயில் பணியாற்றிய வாயில் கோனிம் என்ற எகிப்தியர். அதே ஆண்டு டிசம்பர் 17இல் துனீசியாவில் முகமது புவாசிசி என்ற தள்ளுவண்டி வியாபாரி தீக்குளித்தார். ஜனவரி 14இல் அந்நாட்டு அதிபர் பென் அலி நாட்டை விட்டே ஓடினார். எகிப்தியர் இதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஜனவரி 25, அங்கே காவலர் தினம். அன்று வீதிக்கு வாருங்கள் என்று கோனிமின் பக்கம் அழைத்தது.

இங்கேதான் ஒரு நுட்பம். அமைப்பாளர்கள் கூடும் இடங்கள் என்று 20 இடங்களை வெளிப்படையாக அறிவித்தார்கள். காவலர்கள் அங்கெல்லாம் போய்க் காத்திருந்தார்கள். அறிவிக்காத இருபத்தோராவது இடம் ஒன்று இருந்தது. அது பூலாக் அல் தக்ரூர் என்ற ஏழைகள் வாழும் பகுதியின் குறுகலான சந்துகளில். அங்கே நேரிற் சென்று, ஆள்பார்த்துப் பேசித் திரட்டிய கூட்டம் தடையின்றிப் புறப்பட்டுத் தஹ்ரிர் சதுக்கத்தை அடைந்தது. இணையத்தில் எழுதியது பகைவரின் கண்ணுக்கு. எழுதாமல் விட்டதுதான் வேலைக்கு ஆயிற்று.

இப்போது 28ஆம் தேதிக்கு வருவோம். அன்று வெள்ளிக்கிழமை. இணையம் இல்லை, கைப்பேசியும் பேசவில்லை. நண்பகல் தொழுகை முடிந்து பள்ளிவாசல்களிலிருந்து மக்கள் வெளியே வந்தார்கள். அழைப்பை அனுப்ப எவரும் இல்லை. அனுப்பவேண்டிய தேவையும் இல்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் எங்கே கூடுவது என்பது எல்லோருக்கும் தெரியுமல்லவா? மகன் எங்கே, மகள் எங்கே என்று தெரியாத பெற்றோர் தேடிக்கொண்டு தெருவுக்கு வந்தனர். என்ன நடக்கிறது என்று வீட்டிலிருந்தே அறிய வழி இல்லாதவர்கள், பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினர். ஒரே சதுக்கத்துக்குப் போகவேண்டிய கூட்டம் பேட்டைதோறும் முளைத்தது. காவலர்கள் எந்தத் தெருவைத்தான் அடைப்பார்கள்? கஸ்ர் அல் நீல் பாலத்தில் பல மணி நேரம் மோதல் நடந்து, மாலைக்குள் காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆளுங்கட்சியின் தலைமையகம் எரிந்தது. இராணுவம் நகருக்குள் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் இதனை ஆராய்ந்த நவித் ஹசன்பூர், தொடர்பைத் துண்டித்ததே கிளர்ச்சியைப் பல இடங்களுக்குப் பரப்பியது என்று வாதிட்டார். இக்கருத்தை எல்லாரும் முழுமையாக ஏற்கவேண்டும் என்பதில்லை. துண்டித்ததால் கூட்டம் குறையவில்லை என்பதுவரை ஐயமில்லை.

வீட்டுத் தொலைபேசிகள் வேலை செய்தன. பழைய மோடத்தை எடுத்து, வெளிநாட்டு எண்களுக்கு அழைத்து இணையத்தில் புகுந்தவர்கள் உண்டு. தொலைபேசியில் பேசினால் அந்தக் குரலை டுவிட்டரில் சேர்க்கும் ஏற்பாட்டைக் கூகுளும் டுவிட்டரும் சேர்ந்து செய்தன. மக்களின் கைப்பேசிகளிற் குறுஞ்செய்தி அனுப்ப வழியில்லாதிருக்க, அரசின் செய்திகள் மட்டும் அவசரகால அதிகாரத்தின்பேரில் வந்துகொண்டிருந்தன. பிப்ரவரி 2இல் இணையம் திரும்பியது. 11இல் அதிபர் முபாரக் பதவி விலகினார். அந்த ஐந்து நாட்களில் நாட்டுக்கு ஏற்பட்ட நேரடி இழப்பு 9 கோடி டாலர் என்று, வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. மதிப்பிட்டது.

2011 மே மாதத்தில் கெய்ரோ நீதிமன்றம், தொடர்பைத் துண்டித்ததற்காக முபாரக்குக்கும் அவருடைய பிரதமருக்கும் உள்துறை அமைச்சருக்கும் சேர்த்து 54 கோடி எகிப்தியப் பவுண்டு அபராதம் விதித்தது. 2018 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் எகிப்து புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி 5,000 பேருக்கு மேல் பின்தொடரும் எந்தத் தனிமனிதரின் சமூக ஊடகக் கணக்கும் பத்திரிகை போலவே கண்காணிப்புக்கு உட்பட்டது. அதை முடக்க ஊடக ஒழுங்குமுறைக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. நாடு முழுவதையும் இருட்டாக்க வேண்டிய தேவை இனி இல்லை. ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொள்ளலாம்.