முதல் உலகத் தமிழ் மாநாட்டின் அலுவலகப் பணி

உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964 ஜனவரியில் புதுதில்லியில் தோன்றியது. அங்கே கூடிய கீழ்த்திசையியலாளர் மாநாட்டுக்கு வந்திருந்த தமிழறிஞர்களை ஒன்றுசேர்த்ததில் சேவியர் தனிநாயக அடிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவரானார். அடிகளும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும் செயலாளர் பொறுப்பை ஏற்றனர். அடிகள் அப்போது கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர். முதல் மாநாடு அந்த ஊரில் நடப்பதென்று முடிவானதும் வேலையில் பெரும்பகுதி அத்துறையின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அடிகளுக்கு இது புதிய வேலையன்று. 1952 முதல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழை நடத்தியதால் பல நாட்டு ஆய்வாளர்களோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பு இல்லாமல் இத்தகைய மாநாட்டைக் கூட்டியிருப்பது மிகக் கடினம்.

அந்நாளில் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு அனுப்பி, கட்டுரைச் சுருக்கம் பெற்று, அமர்வு பிரித்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். எல்லாம் விமான அஞ்சலில்தான். கட்டுரைகளைப் படியெடுக்க ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து சுருளச்சு இயந்திரத்தில் ஓட்டுவார்கள். நாடாவை விலக்கிவிட்டு அடித்தால் எழுத்து மெழுகுத் தாளைத் துளைக்கும். பிழை நேர்ந்தால் திருத்தத் திரவம் பூசி, காயவைத்து, மீண்டும் அடிக்கவேண்டும். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தருவது தனித் தொல்லை. சாதாரண ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் நெடிலுக்குரிய மேற்கோடும் ளகரத்துக்குரிய கீழ்ப்புள்ளியும் கிடையா; கையால்தான் இடவேண்டும். விட்டுப்போனால் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். ஆய்வாளரின் வாதமே சரியும் இடம் அது. தட்டச்சரின் கவனமும் ஆராய்ச்சியின் ஒரு பகுதி என்றே கொள்ளவேண்டும்.

1966 ஏப்ரலில் மாநாடு கூடியது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்தார். சென்னை மாநில முதல்வர் பக்தவத்சலமும் வந்திருந்தார். அரசு விருந்தினருக்கான முறைமைகளையும் ஆய்வு அமர்வுகளின் நேர ஒழுங்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. அதே ஆண்டில் அடிகள் தொகுத்த தமிழாய்வு நூற்பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது.

மாநாடு முடிந்ததும் பதிப்பு வேலை தொடங்கியது. கட்டுரைத் தொகுதியின் முதல் பகுதி 1968இலும் இரண்டாம் பகுதி 1969இலும் வெளிவந்தன. ஒரு வாரக் கூட்டத்துக்கு மூன்றாண்டுப் பதிப்புப் பணி என்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் அந்த இரு பகுதிகளும் இல்லையென்றால், கோலாலம்பூரில் பேசப்பட்டவை அங்கே வந்திருந்தவர்களோடு நின்றுபோயிருக்கும்.

1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாடு பொதுமக்கள் திருவிழாவாகவும் விரிந்தது. மெரினாக் கடற்கரையில் தமிழறிஞர் முதலானோரின் சிலைகள் அதையொட்டி எழுந்தன. அதன் ஆய்வுத் தொகுதியை ஆர். இ. ஆஷர் பதிப்பித்தார். 1969இல் ‘ஜர்னல் ஆஃப் தமிழ் ஸ்டடீஸ்’ என்ற ஆய்விதழ் தொடங்கியது. 1970இல் மூன்றாம் மாநாடு பாரிஸில் கூடியது. அதன் கட்டுரைகளை அடிகளும் பிரான்சுவா குரோவும் பதிப்பிக்க, 1973இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்டது.