பட்டம் ஒட்டியவர்களும் ஏற்றியவர்களும்

நூற்றாண்டு மலரில் அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். வரிப்பத்தான்சேனை, இறக்காமம் பக்கமிருந்து பஸ் ஏறிப் படிக்க வந்த நாங்கள் சிலர் சேர்ந்து வேறொன்றை எழுதலாம் என்று எண்ணினோம். மாணவர்கள் மாதிரி விமானம் செய்து பறக்கவிட்ட வரலாறு அது. "அது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலையல்லவா?" என்று இதை வாசிக்கும் எந்த ராத்தாவுக்காவது தோன்றினால், அந்தக் கேள்விதான் எங்களையும் எழுத வைத்தது.

எமது ஊர்ப்பக்கத்தில் பறக்கும் கலைக்கு முதற் பாடசாலை வயல்தான். வெள்ளாண்மை வெட்டிச் சூடடித்து முடிந்த வெறும் வயலில், கச்சான் காற்று வீசும் நாட்களில் பட்டம் ஏறும். ஈர்க்கை வளைத்துக் கட்டுவதும் டிஷூத் தாளை மடித்து வெட்டுவதும் கோதுமை மாவில் பசை காய்ச்சுவதும் வீட்டுக்குள் நடக்கும் வேலைகள். அவற்றில் பாதியைச் செய்தவர்கள் நாங்கள். ஒட்டிக் காய்ந்ததும் பட்டம் தம்பியோடு வயலுக்குப் போய்விடும். நாங்கள் வேலியோரம் நின்று பார்ப்போம். பட்டம் தலைகீழாகக் குத்தினால், "வால் கட்டை, இன்னும் ஒரு முழம் கட்டு" என்று அங்கிருந்தே கத்துவோம். தம்பிமார் அதைக் கேட்டுத் திருத்துவார்கள். நூலை மட்டும் தரமாட்டார்கள்.

பட்டக் கலை இந்நாட்டில் உச்சத்தைத் தொடும் இடம் வல்வெட்டித்துறை. தைப்பொங்கல் நாளில் அங்கே உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் போட்டியில் கப்பல், விமானம், பறவை என்று விதம்விதமான உருவங்கள் மேலேறுகின்றன. காகிதமும் மூங்கிலும் நூலும் கொண்டு செய்யும் இவ்வேலையைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஊரவர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. காற்றைப் படித்த கைகள் கடலிலும் வானிலும் ஒன்றுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வாலைப் பற்றிச் சொன்னோம். பறத்தலின் வரலாற்றில் பெரும்பகுதி வாலின் வரலாறுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ், உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு உயரத்திலிருந்து பறக்க முயன்றார். சிறிது தூரம் மிதந்தவர் தரையிறங்கும்போது விழுந்து முதுகில் காயமடைந்தார். பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனிக்கத் தவறினார் என்று பல நூற்றாண்டுகளின் பின் வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதிவைத்தார். இஸ்லாம் பாடத்தில் இப்னு பிர்னாஸின் பெயரை நாங்கள் மனனம் செய்ததுண்டு. வாலைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் வேலியோரத்தில் நின்ற எங்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

1804இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் கேலி என்பவர் ஒரு நீளத் தடியில் சாதாரணப் பட்டமொன்றை இறக்கையாகக் கட்டி, பின்னால் திருப்பக்கூடிய வாலைப் பொருத்திக் கையால் எறிந்து பறக்கவிட்டார். இன்றைய விமானத்தின் உருவத்தை உடைய முதல் மாதிரி அதுதான் என்பார்கள். பட்டத்திலிருந்து விமானம் பிறந்தது என்று சொன்னால் அது உவமையல்ல, நடந்த விஷயம்.

அடுத்த பெரிய அடியை வைத்தவர் பிரான்சின் அல்போன்ஸ் பெனோ. இடுப்பு நோயால் கடற்படையில் சேர முடியாமற்போன இளைஞர் அவர். 1871 ஓகஸ்ட் மாதம் பாரிசின் துய்லரிப் பூங்காவில், முறுக்கிய றப்பர் நாடாவால் சுழலும் விசிறியை உடைய சின்ன விமானமொன்றைப் பறக்கவிட்டார். அது 11 செக்கனில் சுமார் 40 மீற்றர் போனது. இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்ததும், வாலைச் சற்றே கீழ்க்கோணத்தில் வைத்ததுமே அது நிலைகுலையாமல் போனதற்குக் காரணம். மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் வால் அழுத்தப்பட்டு மூக்கு மறுபடி உயரும். ஓட்டுநர் இல்லாமலே விமானம் தன்னைத் திருத்திக்கொள்ளும். இன்றும் உலகெங்கும் மாணவர் கழகங்கள் செய்யும் றப்பர் விமானம் ஏறக்குறைய பெனோவின் விமானம்தான். 30 வயதிலேயே அவர் மறைந்துவிட்டார். இடையில் ஒரு சங்கதி: பெனோ முறுக்கிய றப்பரின் மரம் தென்னமெரிக்கக் காட்டுக்கு உரியது. அவர் விமானம் பறந்து ஐந்தே ஆண்டுகளில், 1876இல், அந்த மரத்தின் நாற்றுகள் சுமார் 1,900 லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடையில் நடப்பட்டன. விமானத்தின் ஆதி இயந்திரம் எங்கள் நாட்டு விளைபொருளாகிவிட்டது; விமானம் செய்யத்தான் நாங்கள் பிந்திவிட்டோம்.

பெனோ செய்த இன்னொரு விளையாட்டுப் பொருளின் வழிவந்த பொம்மை ஹெலிகொப்டர் ஒன்றை 1878இல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற தந்தை தம் ஆண்பிள்ளைகள் இருவருக்கும் வாங்கி வந்தார். மூங்கிலும் தக்கையும் காகிதமும் றப்பர் நாடாவும் கொண்டது. அது உடைந்ததும் பிள்ளைகள் தாமே அதைப்போலச் செய்து பார்த்தார்கள். வில்பரும் ஓர்வில்லும் 1899இல் ஐந்தடிப் பட்டமொன்றில் இறக்கையை முறுக்கிச் சோதித்து, 1903 டிசம்பர் 17ஆம் திகதி 12 செக்கன் பறந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர்களது தங்கை கத்தரின் ரைட் பற்றி எங்கள் பாடப்புத்தகம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. வீட்டில் பட்டம் பெற்ற ஒரே பிள்ளை அவர்தான். டேட்டனில் லத்தீன் ஆசிரியை. 1908 செப்டெம்பரில் ஓர்வில் விமானம் வீழ்ந்து படுகாயமடைந்தபோது, பாடசாலைக்கு விடுமுறை போட்டு ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காக இருந்து அண்ணனைத் தேற்றினார். பிறகு அவர் ஆசிரியத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. இந்தக் கதையைக் கேட்டதும் எங்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. எங்கள் மாணவிகளில் எத்தனை ஆசிரியைகள் இப்படி விடுமுறை போட்டவர்கள்!

ஒட்டியவரே ஏற்றிய கதையும் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரித்தே எழுதவேண்டும். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரருகே கார்ன்மணி என்ற ஊரில் லிலியன் பிளாண்ட் என்ற பெண் இருந்தார். பத்திரிகைக்குப் புகைப்படம் எடுப்பது அவர் தொழில். 1909இல் பாரிசிலிருந்து அவரது சிற்றப்பா ஒருவர் அனுப்பிய தபாலட்டையில் பிளேரியோவின் விமானமும் அதன் அளவுகளும் இருந்தன. அந்த ஆண்டே பிளாக்பூல் நகரில் நடந்த விமானக் காட்சிக்குப் போய், நின்ற விமானங்களைச் சுற்றிவந்து அளவுகளைக் குறித்துக்கொண்டார். ஒரு மாதிரி விமானக் கழகம் போகும் சுற்றுலா இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் எண்ணம்: கையில் அளவுநாடாவும் கொப்பியும். ஊர் திரும்பியதும் ஆறடி இறக்கையுள்ள மாதிரியொன்றைச் செய்து பட்டம்போல ஏற்றினார். அது நன்றாக ஏறவே, மரத்தாலும் மூங்கிலாலும் முழு அளவு விமானமொன்றைக் கட்டிக் காடாத் துணி போர்த்தினார். அதன் பெயரை ஆங்கிலத்தில் கேட்டால் 'பறக்கலாம்' என்றும் பொருள்படும். பறக்காமலும் போகலாம் என்று அவரே கேலி செய்வாராம். அது இயந்திரத்தைத் தாங்குமா என்று அறிய, கார்ன்மணிக் குன்றில் கனத்த பொலிஸ்காரர் நால்வரையும் தோட்டக்காரப் பையனையும் இறக்கையில் பிடித்துத் தொங்கவிட்டார். காற்று ஆட்களோடு சேர்த்துத் தூக்கிவிட்டது. பிறகு 20 குதிரைவலு இயந்திரம் வாங்கினார். எரிபொருள் தாங்கி வந்துசேரத் தாமதமானதால், வெறும் விஸ்கிப் போத்தல் ஒன்றையும், காது மந்தமான மாமி காதில் வைத்துக் கேட்கும் குழலையும் இணைத்துப் பெற்றோல் ஊற்றி இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். மாமி என்ன சொன்னாரோ! 1910 ஓகஸ்டில் அவ்விமானம் தரையைவிட்டு எழுந்து சுமார் 30 யார் பறந்தது. தானே வரைந்து, தானே கட்டி, தானே பறந்த முதற்பெண் அவர்தான் என்று பதிவாகியுள்ளது.

அதன்பின் நடந்ததுதான் எங்களைத் தைத்தது. பறப்பதை விட்டால் கார் வாங்கித் தருகிறேன் என்றார் தந்தை. லிலியன் கார் ஓட்டப் பழகிக்கொண்டார்; விமானத்தின் கதை அத்துடன் முடிந்தது. ஆபத்து என்று பயந்த தந்தையைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனாலும் இந்தப் பேரம் எங்களுக்குப் புதிதல்ல. விரும்பியதை விடச்சொல்லி, அதற்குப் பதிலாக இன்னொன்றைக் கையில் வைக்கும் வழக்கத்தை எங்கள் வீடுகளும் நன்கறியும்.

கடலுக்கு அக்கரையில், ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் சிறகும் வாலும் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவர் வகுப்பை நேரே கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளைக் காட்டி, வாலைத் திருப்பி அவை திசை மாறுவதைச் சொல்லிக் கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒருவர்தான் அப்துல் கலாம். செலவில்லாத அந்த ஒரு சுற்றுலா என்ன செய்தது என்பதை அவரே வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். பின்பு, 1949இல் சி.ராஜம் சென்னை குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்தபோது, கட்டணத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்கா சொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தக் கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே, மற்றவர்கள் விடுதிக்குப் போனபின்பும் கலாம் உட்கார்ந்திருப்பாராம். நகையை அடகு வைக்க ஓர் அக்கா இருந்தால் ஒரு தம்பி விமானப் பொறியியலாளர் ஆகலாம். தங்கை படிக்கக் காக்கா எதை அடகு வைப்பார் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். எங்களில் இருவருக்கு அவர்களது காக்காமார் வயலையே அடகு வைத்தார்கள் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

அதே எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்ஷா' மாணவர் அணி, 2018இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. தொலைவிலுள்ள நோயாளிக்கு மருந்து கொண்டுசேர்ப்பதே போட்டி. நடிகர் அஜித் குமார் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்ததால் எங்கள் பிள்ளைகளுக்கும் செய்தி எட்டியது. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வது பயிற்சியின் ஒரு பகுதி, பெண்பிள்ளைகளும் செய்கிறார்கள்.

இலங்கையின் வானத்துக்கும் சென்னையோடு பழைய உறவுண்டு. 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானத்தை ஓட்டிவந்தவர் சென்னைப் பறத்தற் கழகத்தின் பயிற்சியாளர். எங்களுக்கு அருகில் அம்பாறையில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைப் பராயத்தில் மேலே சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்த்து மகிழும் காலமாக அது இருக்கவில்லை. முற்றத்தில் நின்ற பிள்ளையை உம்மா உள்ளே கூப்பிடும் காலம். வானத்தை எங்களிடமிருந்து தூரமாக்கியதில் வேலிக்கும் தம்பிமாருக்கும் மட்டும் பங்கில்லை. 2020 நவம்பரில் இலங்கை விமானப்படையில் முதன்முறையாகப் பெண்கள் இருவர் விமானிகளாகத் தகுதி பெற்றபோது, அந்தச் செய்தியை நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டதன் காரணம் இப்போது விளங்கும்.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒருமுறை நாங்களும் ரெஜிபோமில் விமானம் செய்தோம். வர்ணம் பூசி மேசையில் வைத்தோம். பார்த்தவர்கள் அழகாயிருக்கிறது என்றார்கள். பறக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே நூற்றாண்டையொட்டிச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம்: பாடசாலையில் மாணவிகளுக்கென மாதிரி விமானக் கழகம் ஒன்று. கனடாவிலும் கட்டாரிலும் இருக்கும் தங்கைமார் பெரிய தொகை அனுப்பவேண்டியதில்லை. கல்முனை, சாய்ந்தமருதுக் கரையிலிருந்து மீன் வரும் ரெஜிபோம் பெட்டியை மெல்லியதாகச் சீவினால் இறக்கை. நடுத்தண்டுக்கு மூங்கில். விசிறியும் நல்ல றப்பர் நாடாவும் வாங்கவேண்டும். தட்டாரின் தராசு ஒன்று இருந்தால் நல்லது, ஏனெனில் இங்கே ஒரு கிராமும் கணக்கு. சுற்றுலாவுக்கு இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, அளவுநாடாவோடு போகலாம். பறக்கவிட வயல் இருக்கிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பட்டத்துக்குக் காற்று வேண்டும், றப்பர் விமானத்துக்குக் காற்று ஆகாது. சுபஹுக்குப் பின், கச்சான் எழும்புமுன் உள்ள ஒரு மணித்தியாலமே அதற்கு ஏற்ற நேரம். வாசல் கூட்டவும் தேநீர் வைக்கவும் பெண்பிள்ளையைத் தேடும் நேரமும் அதுவே. உம்மாமார் அந்த ஒரு மணித்தியாலத்தை வாரத்தில் ஒருநாள் விட்டுத்தரவேண்டும்.

முதல் நாளில் றப்பரை முறுக்கவேண்டாம். தலையளவு உயரத்திலிருந்து மெதுவாகக் கையால் எறிந்து பாருங்கள். விமானம் மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்தால் மூக்கில் பாரம் போதாது என்று அர்த்தம். களிமண் ஓர் உருண்டை ஒட்டினால் சரியாகும். அது வயலிலேயே கிடைக்கும்.