துறந்தவர்கள் சூட்டிக்கொண்ட பெயர்

கல்லூரியில் சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். எனக்கு இருப்பதோ ஒரு பெயரும், அதற்கு முன்னால் அப்பாவின் இனிஷியலும்தான். பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவனும் எங்கள் உப்பளத்துப் பையன்தான். ஒரு நொடியில் நிரப்பிவிட்டான். பிரெஞ்சுப் பெயர்! "உங்க தாத்தா வெள்ளைக்காரரா?" என்று வெளியூர் மாணவர்கள் கேட்டார்கள். "இல்லடா, நாங்க ரெனோன்சான்" என்றான். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ரெனோன்சான் என்றால் பிரெஞ்சில் 'துறந்தவர்'. எதைத் துறந்தவர்? சாமியாராகப் போனவர் இல்லை, சாதி வழக்கத்தைத் துறந்தவர். 1819-இல் பிரெஞ்சு அரசு, இங்குள்ளவர்களுக்குத் திருமணம், சொத்து எல்லாவற்றிலும் அவரவர் சாதி வழக்கமே சட்டம் என்று உறுதி கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாதியால் மிதிபட்டவனுக்கு அந்த உறுதி எதற்கு?

இந்த இடத்தில் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞரைச் சொல்லியே ஆக வேண்டும். 1873-இல் அவர் ஐரோப்பிய பாணிக் காலணி போட்டுக்கொண்டு புதுவை நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர்க்காரர் அப்படி வரக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். ஒரு ஜோடி செருப்புக்கு இவ்வளவா என்று கேட்காதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்வது இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா!

1881 செப்டம்பர் 21-இல் ஒரு ஆணை வந்தது. விரும்புகிறவர் தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வந்தால் திரும்பிப் போக முடியாது. மனைவிக்கும் வயதுக்கு வராத பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். கூடவே ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். 'பிள்ளை' போய்க் 'கதவு' வந்தது!

துறந்தவர்களில் கிறித்தவர்களும் தாழ்த்தப்பட்டவர்களுமே அதிகம். சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் மேல்சாதி இந்துக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1884-இல் ரெனோன்சான்களுக்குத் தனி வாக்காளர் பட்டியலே போட வேண்டி வந்தது. பெயரோடு விஷயம் முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் சம பங்கு. அந்தக் காலத்தில் இங்கே அது சின்ன விஷயமா?

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று சுயமரியாதை மாநாடு செங்கல்பட்டில் தீர்மானம் போட்டது 1929-இல். புதுவையில் அதற்கு 48 வருடம் முன்பே சட்டப்படி வழி திறந்திருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்பது என் கருத்து. அங்கே பட்டத்தை வெட்டினார்கள், இனிஷியல் போதும் என்றார்கள். இங்கே வெட்டிய இடத்தில் வெள்ளைக்காரன் பெயரை ஒட்டினார்கள். ஒட்டிய பெயரே நாளடைவில் 'ஓ, ரெனோன்சான் குடும்பமா' என்று இன்னொரு அடையாளம் ஆகிவிட்டது. அதைக் கேட்பவர் குரலில் சில சமயம் பழைய சாதி விசாரணையும் ஒளிந்திருக்கும். என் நண்பன் அதை என்னைவிட நன்றாகச் சொல்வான்.

இதற்கு நேர் எதிரான கதை ரீயூனியன் தீவில் நடந்தது. அங்கே கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்களின் சொந்தப் பெயர், பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. கொள்ளுத்தாத்தா ராமசாமி என்றால் பேத்தியும் 'ராமசாமி'தான். பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு பிரெஞ்சுப் பெயர். அந்தத் தீவின் அரசியல்வாதி ழான்-போல் விராபூலே பெயரில் இருப்பது நம்ம ஊர் வீரப்பிள்ளை! இங்கே முன்னால் தமிழ், பின்னால் பிரெஞ்சு. அங்கே தலைகீழ்.

எழுத்துக் கூட்டலையும் சொல்லாவிட்டால் புதுவைக்காரன் என்று யாரும் நம்பமாட்டார்கள். பிரெஞ்சில் நம் 'உ'கரத்துக்கு 'ஓ', 'யு' என்று இரண்டு எழுத்து வேண்டும். 'ன்' முடிவுக்குக் கடைசியில் ஒரு 'ஈ'யும் சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் ஏழெழுத்தாக இருக்கும் முருகன் இங்கே பத்தெழுத்து முருகன் ஆகிவிடுவார். பழைய பிறப்புப் பதிவு ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழ் இன்னொரு மாதிரி என்று இருப்பவர்கள் பாஸ்போர்ட் எடுக்கும்போது படும் பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி போனது. சட்டப்படியான இணைப்பு 1962-இல். ஆனாலும் துறந்தவர்கள் சட்டத்திலிருந்து மறைந்துவிடவில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், புதுவை ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்று பிற்பாடு ஒரு விதியையே சேர்த்திருக்கிறார்கள்.

படிவம் என்ன ஆனது என்கிறீர்களா? அப்பா பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டு வந்தேன். முதல் வாரம் முழுக்க ஆசிரியர்கள் வருகைப் பதிவில் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.