பாரி மகளிரும் இரண்டு நிலாக்களும்

1997ல் வெளிவந்த 'இருவர்' படத்தில் 'நறுமுகையே' என்று ஒரு பாட்டு உண்டு. ரகுமான் இசை, வைரமுத்து வரிகள். கல்லூரி விழாக்களில் ஜோடியாகப் பாடுவதற்கு இன்றும் பலர் தேர்ந்தெடுக்கும் காதல் பாட்டு. அதில் நிலவைப் பற்றி வரும் அந்த அழகான பழந்தமிழ்த் தொடர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்பாவைக் கொலைக்குப் பறிகொடுத்து, சொந்த மண்ணையும் இழந்து நின்ற இரண்டு பெண்களின் பாட்டில் இருந்து!

புறநானூற்றின் 112வது பாட்டு அது. மொத்தமே ஐந்து வரிகள். பாடியவர் என்ற இடத்தில் பெயர் கூட இல்லை, 'பாரி மகளிர்' என்று மட்டும் இருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான இந்தச் சின்னப் பாட்டு இன்னும் படிப்பவர்களை ஏன் உலுக்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் அதன் பின்னால் உள்ள வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

பறம்பு மலையில் நடந்தது

பாரி என்றதும் முல்லைக்குத் தேர் கொடுத்த கதைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பள்ளிப் பாடம் அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த வள்ளலின் முடிவு அத்தனை இனிமையானது அல்ல.

பாரி ஒரு வேளிர் தலைவன். பேரரசன் கிடையாது. அவனுடையது பறம்பு மலையும் அதைச் சூழ்ந்த நாடும். இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலைதான் அந்தப் பறம்பு என்பார்கள். அவனுடைய நண்பர் கபிலர், சங்கப் புலவர்களில் மிக அதிகமான பாடல்களைப் பாடியவர்.

சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டார்கள். ஒரு சிறு மலைத் தலைவனுக்கு எதிராக மூன்று முடியரசர்கள்! அப்போது கபிலர் அவர்களைப் பார்த்துப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. உழவர் உழாமலே இந்த மலை நான்கு விளைச்சல் தரும் என்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். எனவே பட்டினி போட்டு இதைப் பிடிக்க முடியாது. பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களும் ஏற்கெனவே இரவலர்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன, வேண்டுமானால் நீங்களும் பாணர்களைப் போல யாழோடு பாடிக்கொண்டு வாருங்கள், மலையையே கொடுத்துவிடுவான் என்று கிண்டலும் செய்கிறார். முற்றுகைக் காலத்தில் பறவைகள் நெற்கதிர் கொண்டு வந்து உதவிய செய்தி அகநானூற்றில் இருக்கிறது.

கடைசியில் பாரி கொல்லப்பட்டான். மூவேந்தரும் வலிமையால் வெல்ல முடியாமல் வஞ்சகத்தால் கொன்றார்கள் என்று புறநானூற்றின் பழைய உரைகாரர் எழுதுகிறார். மலை பறிபோனது. அதன் பிறகு ஒரு நிலா இரவில்தான் இந்தப் பாட்டு.

பாட்டு என்ன சொல்கிறது?

பாட்டை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் பாதி 'அன்று', இரண்டாம் பாதி 'இன்று'. அன்றைய மாதத்து வெண்ணிலவில் அப்பா இருந்தார், மலையும் பிறர் கைக்குப் போகவில்லை. இன்றைய மாதத்து வெண்ணிலவில் வெற்றி முரசு கொட்டும் வேந்தர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு தேதிகளில் எடுத்த இரண்டு பேலன்ஸ் ஷீட் போன்றது இந்தப் பாட்டு. அன்றைய தாளில் அப்பா, மலை என்று இரண்டு இனங்கள். இன்றைய தாளில் இரண்டுமே பூஜ்யம். நிலவு மட்டும் இரண்டு தாளிலும் அப்படியே இருக்கிறது. கணக்கை எழுதி வைத்துவிட்டு அந்தப் பெண்கள் விலகிக்கொள்கிறார்கள். அழுததாக ஒரு சொல் கூட இல்லை. கண்ணீர் இல்லை, சாபம் இல்லை, பாரியின் பெயர் இல்லை, பறம்பின் பெயரும் இல்லை. 'எங்கள் தந்தை', 'எங்கள் குன்று', அவ்வளவே.

வரிசையைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். முதல் பாதியில் அப்பா முதலில், மலை அடுத்து. இரண்டாம் பாதியில் மலை முதலில், அப்பா கடைசி. அதனால் பாட்டு அப்பா இல்லை என்ற இடத்தில் போய் முடிகிறது. நாடு போனது அரசியல் செய்தி, அதைச் சொல்லிவிடலாம். அப்பா போனதைச் சொன்ன பிறகு சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

'வெற்றி முரசு கொட்டும் வேந்தர்' என்ற புகழ்ச்சி எதற்கு என்று கேட்கலாம். அப்பாவைக் கொன்றவர்களை மகள்கள் ஏன் புகழ வேண்டும்? அது புகழ்ச்சி அல்ல, இகழ்ச்சி என்கிறார் பழைய உரைகாரர். ஒருவனை மூன்று பேர் வளைத்தும் நேராக வெல்ல முடியவில்லை, இதற்கு ஒரு முரசு வேறா என்பது உட்பொருள். மொத்தப் பாட்டிலும் கோபம் எட்டிப் பார்ப்பது அந்த ஒரே இடத்தில்தான்.

நிலவுக்கு என்ன வேலை?

நம் சினிமாக்களில் கதாநாயகி அழுதால் மழை பெய்யும், விளக்கு அணையும். இயற்கையும் சேர்ந்து அழும். இந்தப் பாட்டில் நிலவு அழவில்லை. மங்கவும் இல்லை. அன்று எவ்வளவு வெண்மையோ இன்றும் அதே வெண்மை. துக்கமே அங்குதான் இருக்கிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்த மறுநாள் காலை பால்காரர் வழக்கம் போல மணி அடிக்கும்போது ஒரு வலி வருமே, அந்த வலி.

தமிழில் 'திங்கள்' என்றால் மாதம், நிலா என்று இரண்டு பொருளும் உண்டு. பழங்காலத்தில் காலத்தை அளக்கும் கடிகாரமே நிலாதான். எனவே அந்தப் பெண்கள் நிலாவைப் பார்ப்பது காலண்டரைப் பார்ப்பதும் ஆகும். அன்றைக்கும் இன்றைக்கும் இடையே எத்தனை மாதம் என்று பாட்டில் சொல்லப்படவில்லை. அடுத்தடுத்த இரண்டு பௌர்ணமிகள் என்று எடுத்துக்கொண்டு படித்தால் இன்னும் கொடுமையாக இருக்கிறது.

இந்த வகைப் பாடல்களுக்குக் 'கையறுநிலை' என்று பெயர். இறந்தவரை நினைத்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கும் நிலை. கபிலரும் இதே இழப்பைப் பல பாடல்களில் பாடியிருக்கிறார். அவற்றில் மலை, குளம், தினை, தேன் என்று பறம்பின் காட்சிகள் நிறைந்து கிடக்கும். ஒரு பாட்டில் இதே பெண்கள் குப்பை மேட்டில் ஏறி, தெருவில் போகும் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து மனம் உடைகிறார். முன்பு மலை உச்சியில் நின்று, படையெடுத்து வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். எண்ணும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு அரசர்களிடம் போனார். விச்சிக்கோ, இருங்கோவேள் என்ற இருவரிடம் மணம் பேசிய பாடல்கள் உள்ளன. இருங்கோவேள் ஏற்காததால் கபிலர் அவனைக் கடிந்து பாடியதும் இருக்கிறது. அதன் பிறகு செய்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பார்ப்பாரிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்து உயிர் விட்டார் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. திருக்கோவலூர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்தார் என்கிறது. பிற்காலக் கதைகளில் ஔவையார் முன்நின்று திருமணம் நடத்துகிறார். அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் பிற்கால வழக்கே, சங்கப் பாடலில் அவை கிடையாது.

அந்தப் பெயர்களுக்கும் ஒரு சோகம் நேர்ந்தது. 2007ல் வந்த 'சிவாஜி' படத்தில் இரண்டு பெண்களின் கறுப்பு நிறத்தை வைத்துச் செய்த காமெடிக்கு இந்தப் பெயர்களைத்தான் சூட்டினார்கள். தியேட்டர் சிரித்தது. தமிழ் ஆர்வலர்கள் கண்டித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்கும்?

ஓலைச்சுவடிகளில் கிடந்த புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894ல் அச்சிட்டார். அந்தப் பதிப்பு வராமல் போயிருந்தால் இந்த ஐந்து வரிகளும் கரையானுக்குப் போயிருக்கலாம். மூவேந்தரின் முரசுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மகள்களின் நிஜப் பெயரும் தெரியாது, எங்கே வாழ்ந்து முடிந்தார்கள் என்பதும் தெரியாது. அவர்களுடையது என்று நம் கையில் இருப்பது இந்த ஐந்து வரிகள்தான்.

அடுத்த முறை 'நறுமுகையே' ஒலிக்கும்போது தாராளமாக ரசிக்கலாம், நல்ல பாட்டுதான். கூடவே புறநானூறு 112ஐயும் ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுங்கள். அரை நிமிடம் கூட ஆகாது. முடிந்தால் பௌர்ணமி அன்று மொட்டை மாடியில் படியுங்கள்.